மறியற்சாலை மருத்துவம்: செலவு யாருக்கு? கணக்கு எங்கே?

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆம் திகதி முன்னாள் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நீதவானின் கட்டளைப்படி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவர் சிறைச்சாலை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறுநாள் 23ஆம் திகதி கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவு அவரை ஏற்றுக்கொண்டது. 26ஆம் திகதி பிணை கிடைத்தது. நாட்டின் தலைசிறந்த வைத்தியசாலையின் கதவு ஒரு விளக்கமறியற் கைதிக்கு ஒரே நாளிலே திறந்தது.

இதனை நாம் குறை கூறவில்லை. எழுபத்தாறு வயது நிறைந்த ஒருவர் நோயுற்றால் அவருக்குச் சிகிச்சை அளிப்பதே அரசின் கடமை. அவர் எக்கட்சியினர், எக்குற்றஞ் சாட்டப்பட்டவர் என்று மருத்துவன் கேட்கலாகாது. அன்று மருத்துவர்கள் தம் தொழிலின் தருமத்தைச் செய்தார்கள். அதனை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும் ஒரு கேள்வி எம் நெஞ்சில் எழுகின்றது. அந்தக் கதவு அத்துணை விரைவாக எல்லோருக்கும் திறக்கின்றதா? மலையகத் தோட்டமொன்றிலிருந்து பிடித்து வரப்பட்ட ஏழை இளைஞனுக்குத் திறக்கின்றதா? பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த வன்னி மகனுக்குத் திறந்ததா? தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறைபுகுந்த சிங்களக் கூலியாளுக்குத்தான் திறக்கின்றதா? இல்லை என்பதை இந்நாட்டிலே அறியாதார் யார்? ஒருவருக்கு ஒரு நாளிற் செய்ய முடிந்ததை ஏனையோருக்கு ஒரு மாதத்திலும் செய்ய முடியாதது ஏன்? இதற்கு அரசாங்கம் விடை கூறியே ஆகவேண்டும்.

சாதாரணக் கைதி ஒருவன் நோயுற்றால் நடப்பது என்ன? முதலில் அவன் தன் நோயைக் காவலருக்கு நம்பவைக்க வேண்டும். மருத்துவம் கற்காத காவலரே, இவன் மெய்யாகவே நோயாளியா, நடிக்கின்றானா என்று முதலிற் தீர்மானிக்கின்றார். காவலர் மனமிரங்கிய பின்னர் சிறையிலுள்ள மருத்துவ அறைக்கு அவன் அழைத்துச் செல்லப்படுகின்றான். அங்கே மருத்துவர் இருக்கும் நேரமாக அது இருக்கவேண்டும். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் வழி முடிந்தபாடில்லை. கூடச் செல்லக் காவலர் வேண்டும். ஏற்றிச் செல்ல வாகனம் வேண்டும். அன்று காவலர்கள் நீதிமன்றக் கடமைக்குப் போயிருந்தால் கிளினிக் திகதி தவறிப்போகும். தவறிய திகதிக்குப் பதிலாக வேறொரு திகதி பெறப் பல வாரங்கள் செல்லும். மாலையில் அறைகள் பூட்டப்பட்ட பின்னர் ஒருவனுக்கு நெஞ்சுவலி வந்தால், உடனிருப்போர் கம்பிகளைத் தட்டிக் கூக்குரலிட வேண்டும். அக்கூக்குரல் கேட்டு, திறப்பு வந்து, அனுமதி வந்து, வாகனம் வருமுன்னர் உயிர் காத்திருக்குமா?

இவை எமது கற்பனையல்ல. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு நாடெங்குமுள்ள சிறைச்சாலைகளுக்கு நேரிற் சென்று ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட ஆய்வறிக்கை இக்குறைகளை எடுத்துக் கூறியிருக்கின்றது. நெரிசல், மலசலகூடக் குறைவு, மருத்துவரும் மருந்தும் போதாமை, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதிலே தாமதம், மொழி தெரியாத உத்தியோகத்தர் ஆகிய யாவும் அதிலே உள. அவ்வறிக்கை ஆட்சியாளர் மேசைக்குச் சென்றது. அதன் பின்னர் சனாதிபதிகள் மாறினர், அமைச்சர்கள் மாறினர். பூட்டிய அறையிலுள்ள நோயாளியின் நிலை எவ்வளவு மாறியது என்பதை எவரும் மக்களுக்குக் கூறவில்லை.

நெரிசலைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். ஏறத்தாழ 13,000 பேருக்கே இடமுள்ள எமது சிறைச்சாலைகளில் அண்மை ஆண்டுகளிலே அதன் இருமடங்கினும் மிகுதியானோர் அடைக்கப்பட்டு வந்திருக்கின்றனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் விளக்கமறியற் கைதிகள். அதாவது, எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்கவில்லை. தண்டனை பெற்றுச் சிறைக்கு வருவோரிலும் பெரும்பகுதியினர் தண்டப்பணம் செலுத்த இயலாமையால் வந்தவர்கள். அவர்கள் வறுமைக்காகவே மறியல் இருக்கின்றனர் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? 2023ஆம் ஆண்டு டிசெம்பரிலே 'யுக்திய' என்னும் பெயரிற் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிற்று. ஆயிரமாயிரமாக மக்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களை அடைக்க இடமுண்டா, போதைப் பழக்கத்துக்கு அடிமையானோருக்குச் சிகிச்சையுண்டா என்று முன்னரே கணக்குப் பார்த்தவர் யார்?

வெங்காயச் செய்கை செய்யும் எமது கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காற்றோட்டமில்லாத அறையிலே வெங்காயத்தைக் குவித்து வைத்தால் ஒன்று அழுகும், ஒன்றிலிருந்து பத்தாகும், பத்திலிருந்து குவியல் முழுவதும் நாறும். வெங்காயத்துக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று அறிந்த நாட்டிலே மனிதனுக்கு அது வேண்டாமா? சிறைச்சாலைகளில் வாழ்வோரிடையே காசநோய் வெளியில் உள்ளதிலும் பன்மடங்கு மிகுதி என்பது உலக சுகாதார நிறுவனம் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கும் உண்மை. சொறி, சிரங்கு, வயிற்றோட்டம் முதலியவற்றைக் கூறவும் வேண்டுமோ?

இந்த அலட்சியத்தின் விளைவை நாடு இருமுறை கண்டது. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று வெலிக்கடையிலே பரவியபோது ஏனைய சிறைச்சாலைகளிலும் அச்சம் பிறந்தது. மகர சிறைச்சாலை ஏறத்தாழ ஆயிரம் பேருக்கென அமைந்தது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்குண்டு கிடந்தனர். தங்களுக்குப் பரிசோதனை செய்யுங்கள், நோயுற்றோரைப் பிரித்து வையுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. நவம்பர் 29ஆம் திகதி அங்கே குழப்பம் மூண்டது, காவலர் சுட்டனர். 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மருந்து கேட்ட இடத்திலே வெடி கிடைத்தது! பின்னர் 2023ஆம் ஆண்டு ஓகஸ்டிலே காலிச் சிறைச்சாலையில் மூளைக்காய்ச்சற் கிருமி பரவிக் கைதிகள் மாண்டனர். புதிய கைதிகளை அங்கே அனுப்புவது நிறுத்தப்பட்டது. இருவர் படுக்குமிடத்தில் ஐவரைப் படுக்க வைத்தால் அக்கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

சட்டம் என்ன சொல்கின்றது? எமது சிறைகளை ஆளுவது 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணியின் காலத்துச் சட்டம்! வெள்ளையன் போனான், அவனுடைய பூட்டும் திறப்பும் போகவில்லை. அவன் 1841ஆம் ஆண்டிலே கட்டிய வெலிக்கடைச் சிறையும் இன்றுவரை நிற்கின்றது. இதற்கிடையில் உலகம் எங்கோ சென்றுவிட்டது. 2015ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கைதிகளை நடத்துவதற்கான விதிகளைப் புதுக்கி ஏற்றுக்கொண்டது. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரே அவற்றுக்குச் சூட்டப்பட்டது. அவற்றின் 24ஆம் விதி கூறுவது யாது? கைதிகளின் மருத்துவம் அரசின் பொறுப்பு. வெளியில் வாழும் மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்திலே, கட்டணமின்றி, வேறுபாடு காட்டாது அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். 27ஆம் விதி கூறுவது யாது? மருத்துவ முடிவுகளை மருத்துவத் துறையினரே எடுக்கவேண்டும். சிறையதிகாரிகள் அவற்றைத் தள்ளவோ புறக்கணிக்கவோ ஆகாது. 30ஆம் விதி, சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் இயன்ற விரைவில் மருத்துவர் முதலியோர் பரிசோதித்து, நோயும் முன்னர் அடிபட்ட அடையாளங்களும் உளவா என்று பார்க்கவேண்டும் என்கின்றது. இவ்விதிகளை எமது சிறைக்கூடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் தலைகுனியாதிருப்பரோ?

தமிழ் பேசும் கைதியின் துயரமோ இருமடங்கு. எங்கள் பேச்சிலே நோயை 'வருத்தம்' என்கின்றோம். உடம்பின் நோவையும் உள்ளத்தின் நோவையும் அந்த ஒரு சொல்லே தாங்குகின்றது. அவ்வருத்தத்தை எம்மொழியில் எடுத்துச் சொல்வது? தென்னிலங்கைச் சிறையொன்றிலே தமிழறியாத காவலர் முன்னும், தமிழறியாத மருத்துவர் முன்னும், தன் வயிற்றையோ நெஞ்சையோ தொட்டுக் காட்டி நிற்கும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். குத்துகின்றதா, எரிகின்றதா, இறுக்குகின்றதா? எப்பொழுது தொடங்கியது? முன்னர் என்ன மருந்து எடுத்தாய்? இக்கேள்விகளுக்குக் கைச்சாடையால் விடை கூற முடியுமா? ஒரு சொல் பிழைத்தால் மருந்து பிழைக்கும்; மருந்து பிழைத்தால் உயிர் பிழைக்காது. 1956ஆம் ஆண்டிலே தனிச் சிங்களச் சட்டம் இயற்றப்பட்டபோது அது கச்சேரிகளோடு நின்றுவிடும் என்று எண்ணியவர்களும் உண்டு. அது நோயாளியின் கட்டிலடிவரை சென்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. ஏட்டிலே எழுதியதைச் சிறைச்சாலை மருந்தறையிலே காணோமே!

இனிச் செலவுக்கு வருவோம். "பணமில்லை" என்பதே ஒவ்வோர் அரசாங்கமும் சொல்லும் விடை. நாம் கேட்கின்றோம்: எவ்வளவு இல்லை? எதற்கு இல்லை? இதுவரை எவ்வளவு செலவாயிற்று? மருத்துவரை அனுப்புவது சுகாதார அமைச்சு. காவலரும் வாகனமும் சிறைச்சாலைத் திணைக்களத்தினுடையவை. கைதி சென்று படுக்கும் கட்டில் பொது வைத்தியசாலையினுடையது. இவை அனைத்தையும் ஒன்றாகக் கூட்டி, ஒரு கைதியின் நோய்க்கு நாடு இவ்வளவு செலவிட்டது, அதற்கு இவ்வளவு பயன் கிடைத்தது என்று மக்கள் முன் வைக்கப்பட்ட ஒரு கணக்கை நாம் கண்டதில்லை. கணக்கில்லாதவன் பணமில்லை என்று சொல்வதை எந்தக் கடைக்காரன் நம்புவான்? வருட முடிவில் வரவையும் செலவையும் எழுதாமல் எந்தக் கமக்காரன் அடுத்த போகத்துக்கு விதை வாங்குகின்றான்?

அரசாங்கத்தின் ஏட்டிலே ஏறாத செலவு வேறு யாருடைய தலையிலோ ஏறுகின்றது. அதனை முதலிற் சுமப்பவள் தாய். முல்லைத்தீவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ இரவு பஸ்ஸேறி, விடியற்காலையிலே கொழும்பில் இறங்கி, சிறைவாயிலில் வரிசையில் நின்று, மகனுக்குச் சீட்டிலே எழுதிய மருந்தைக் கொடுக்கப் பார்க்கின்றாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே நாட்டு வைத்தியசாலைகளிலேயே மருந்து தட்டுப்பட்டது. அப்போது சிறைக்குள்ளிருந்தவனின் கதி என்ன என்று எத்தனை பேர் கேட்டோம்? பஸ் காசு, மருந்துக் காசு, இழந்த நாட்கூலி, ஈடு வைத்த தோடு ஆகிய இவையெல்லாம் சிறைச்சாலை மருத்துவச் செலவே. அரசாங்கம் சேமித்தது என்று காட்டும் தொகை அவளுடைய மடியிலிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டாவதாக அதனைச் சுமப்பது பொது வைத்தியசாலை. தொடக்கத்தில் ஒரு சீட்டு மருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய நோய் முற்றிய பின்னர், தீவிர சிகிச்சைக் கட்டிலிலே பன்மடங்கு செலவாகின்றது. நீரிழிவைக் கவனியாது விட்டுக் காலை வெட்டுவது சிக்கனமா? குளக்கட்டிலே நண்டு துளைத்த ஓட்டையை ஒரு கூடை மண்ணால் அடைக்கலாம். அடையாது விட்டால் மாரியிலே கட்டுடைந்து வயல் முழுவதும் போகும். அப்பொழுது ஆயிரம் கூடை மண்ணும் போதாது. இதனை அறியாத வன்னிக் கமக்காரன் உண்டோ? அறியாதவர்கள் கொழும்பிலே திறைசேரியில் இருக்கின்றார்கள்.

மூன்றாவதாக அதனைச் சுமப்பது ஊர். சிறைக்கதவு உள்ளே மட்டுந் திறப்பதில்லை, வெளியேயுந் திறக்கின்றது. விளக்கமறியலுக்குச் சென்றவன் சில மாதங்களில் வீடு திரும்புகின்றான். காசநோயோடு திரும்பினால் அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் அது வரும். சிறைக் காவலரும் மாலையில் தம் வீட்டுக்குத்தான் போகின்றனர். ஆகவே சிறைச்சாலை மருத்துவம் கைதிகளின் காரியம் என்று எண்ணுவோர் தம் வீட்டு வாசலையே மறந்தவராவர்.

"நல்லவர்களுக்கே வைத்தியம் கிடையாத நாட்டிலே குற்றவாளிகளுக்கு ஏன் வைத்தியம்?" என்று சிலர் வினவுகின்றனர். எம்மவருள்ளும் இப்படிக் கேட்போர் உளர். அவர்களுக்குப் பணிவுடன் சொல்கின்றோம்: உள்ளே இருப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்க்கப்படாதவர்கள். தீர்க்கப்பட்டவர்களுக்கும் நீதிபதி விதித்த தண்டனை காவலே. காசநோயை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை. மருந்தின்றிச் சாகும்படி எந்தச் சட்டமும் கூறவில்லை. மேலும், வெளியிலிருப்பவனுக்கு ஒரு வைத்தியசாலை சரிவராவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம். ஊர்ப் பரியாரியிடம் போகலாம். கடன்பட்டாவது தனியார் மருத்துவரிடம் போகலாம். உள்ளிருப்பவனுக்கு எந்த வழியுமில்லை. அவ்வழிகளை அடைத்தவர் யார்? அரசாங்கம். அடைத்தவரே திறக்கக் கடமைப்பட்டவர். மாட்டைப் பட்டியில் அடைத்தவன் அதற்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்பது எமது ஊர் நியாயம். அடைத்த மனிதனுக்கு மருந்து வைக்கவேண்டும் என்பதற்கு வேறு நியாயம் தேவையா?

வேறு சிலர் தம்மைக் கெட்டிக்காரர் என்று எண்ணி ஒரு யோசனை சொல்லக்கூடும்: "கம்பெனிகளிடம் கொடுத்துவிடுங்கள், செலவு குறையும், தரம் உயரும்." இவ்வழியிலே நெடுந்தூரம் சென்று பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே மாவட்டச் சிறைகள் பல தம் மருத்துவத்தை இலாபம் தேடும் கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்திலே கொடுத்தன. ஒப்பந்தத் தொகை முன்னரே தீர்க்கப்படும்போது, வைத்தியசாலைக்கு அனுப்பாத ஒவ்வொரு நோயாளியும் கம்பெனிக்கு மிச்சம். கொடுக்காத ஒவ்வொரு மருந்தும் இலாபம். முடிவு என்னவாயிற்று? ரொய்ட்டர் செய்தி நிறுவனம் 500க்கு மேற்பட்ட சிறைகளின் மரணப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்து 2020ஆம் ஆண்டிலே வெளியிட்டது. 2016 முதல் 2018 வரையான காலத்திலே, அரசாங்கமே மருத்துவம் நடத்திய சிறைகளைக் காட்டிலும், ஐந்து பெரிய கம்பெனிகளிடம் விடப்பட்ட சிறைகளிலே மரண விகிதம் கம்பெனிக்கேற்ப 18 முதல் 58 சதவீதம்வரை மிகுதியாக இருந்ததென்று அது கண்டது. அக்கம்பெனிகள் அம்முடிவை மறுத்தாலும் மறுக்கட்டும்; கல்லறைகள் மறுக்கவில்லை. இத்தொழிலிலே பெயர்பெற்ற கொரைசன் என்னும் கம்பெனி 2022ஆம் ஆண்டிலே தன்னை இரண்டாகப் பிரித்தது. வழக்குகளையும் கடன்களையும் ஒரு பாதியின் தலையிலே கட்டியது. அந்தப் பாதி 2023ஆம் ஆண்டு பெப்ரவரியிலே வங்குரோத்து மன்றிலே போய் நின்றது. இறந்தவரின் உறவினர் நட்டஈடு கேட்க யாரிடம் போவது? மலிவு என்று வாங்கியதன் விலை இது!

அரசாங்கமே நடத்தினாற் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. அதே அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தின் சிறைகளிலே, மருத்துவக் குறைபாட்டினால் ஆறு ஏழு நாட்களுக்கு ஒருவர் வீணாகச் சாகின்றார் என்று நீதிமன்றம் கண்டது. நெரிசலே மூலகாரணம் என்று தெளிந்து, கைதிகளின் தொகையைக் குறைக்கும்படி பிறந்த கட்டளையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலே உறுதி செய்தது. மருந்தை மாத்திரம் கூட்டி நெரிசலை விட்டுவைத்தாற் பயனில்லை என்பதே அதன் பாடம். செய்யத்தக்கது யாது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. இங்கிலாந்திலே சிறைகளின் மருத்துவப் பொறுப்பு சிறைத் திணைக்களத்திலிருந்து தேசிய சுகாதார சேவைக்கு மாற்றப்பட்டு, அம்மாற்றம் 2006ஆம் ஆண்டிலே நிறைவேறிற்று. அங்கே குறைகள் அற்றுப்போயின என்று சொல்லோம். ஆயினும் பூட்டுபவர் வேறு, மருந்து கொடுப்பவர் வேறு என்னும் நெறி நிலைபெற்றது. எமக்கு 1877ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தந்தவர்கள் தம் வீட்டை மாற்றிக்கொண்டார்கள். நாமோ அவர்கள் விட்டுச் சென்ற பழைய பாயிலே இன்னும் படுத்திருக்கின்றோம்.

தமிழ் மக்களுக்கு இவ்விடயம் வெறும் நிருவாகக் காரியமன்று. 1983ஆம் ஆண்டு யூலை 25ஆம், 27ஆம் திகதிகளிலே வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மருத்துவர் இராஜசுந்தரம். காந்தியம் இயக்கத்தின் மூலம் வன்னியிலே அகதிகளுக்குத் தொண்டு செய்த அந்த மருத்துவர் சிறையிலே மாண்டதை எமது மக்கள் மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலே வவுனியாச் சிறையிலே குழப்பம் அடக்கப்பட்ட பின்னர், அங்கிருந்து மகரவுக்கு மாற்றப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் யூலை 4ஆம் திகதி றாகம வைத்தியசாலையில் இறந்தார். மாரடைப்பு என்றனர் அதிகாரிகள். அடித்ததனாலே என்றனர் உறவினர். நாம் இங்கே ஒன்றை மாத்திரம் கேட்கின்றோம்: சிறைமாற்றத்தின்போது சிறையதிகாரிகளுக்குக் கட்டுப்படாத மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு கைதியையும் பரிசோதித்து, உடம்பிலுள்ள காயங்களையும் உள்ளிருக்கும் நோயையும் எழுதி வைத்திருந்தால், உண்மையை ஏடே பேசியிருக்குமன்றோ? அந்த மகனும் உயிரோடு இருந்திருக்கக் கூடுமன்றோ?

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி சிறையிலே ஒருவர் இறந்தால் நீதவான் விசாரணை நடத்தவேண்டும். நல்ல சட்டமே. ஆயினும் அதன் நிலையைப் பாருங்கள். இறந்த பின்னர் நீதவான் வருகின்றார், சட்ட வைத்திய அதிகாரி வருகின்றார், பொலிஸார் வருகின்றனர், அறிக்கை வருகின்றது. இறக்குமுன்னர் ஒரு மருத்துவர் வந்திருந்தால் இத்தனை பேருக்கும் அங்கே வேலையில்லையே! பிணத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை உயிருக்குக் காட்டும்படியே கேட்கின்றோம்.

எமது கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: சிறைச்சாலை மருத்துவம் முழுவதும், ஆட்களும் மருந்தும் நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனமும் உட்பட, சுகாதார அமைச்சின் கீழே வரட்டும். மருத்துவர் எழுதியதைக் காவலர் தடுக்கும் அதிகாரம் ஒழியட்டும்.

இரண்டு: ஆண்டுதோறும் ஒரு கணக்குப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படட்டும். செலவான பணம் மட்டுமன்று; எத்தனை மருத்துவர் பதவிகள் வெறுமையாக உள்ளன, எத்தனை கிளினிக் திகதிகள் தவறின, சிறைபுகுந்தோருள் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது, எத்தனை பேர் எந்நோயால் இறந்தனர் என்பவையும் ஒவ்வொரு சிறைக்கும் தனித்தனியே எழுதப்படட்டும். கணக்காய்வாளர் நாயகம் அதனைச் சோதிக்கட்டும்.

மூன்று: தமிழ்க் கைதிகள் உள்ள ஒவ்வொரு சிறையிலும் தமிழறிந்த மருத்துவரோ தாதியரோ மொழிபெயர்ப்பாளரோ இருக்கட்டும். மருந்துச் சீட்டின் அறிவுறுத்தல் தமிழிலும் எழுதப்படட்டும்.

நான்கு: தண்டப்பணம் கட்ட இயலாத ஏழைகளைச் சிறைக்கு அனுப்புவது நிற்கட்டும், பிணை வழங்கத்தக்க நோயாளிகளுக்கும் முதியோருக்கும் தாமதமின்றிப் பிணை கிடைக்கட்டும். நெரிசல் குறைந்தாற் பாதி நோய் தானே குறையும், செலவும் குறையும். பணமில்லை என்போருக்கு இதனிலும் மலிவான மருந்தை நாம் காட்ட இயலாது.

ஐந்து: கைதிகள் தம் வீட்டாருக்கு அண்மையான சிறைகளிலே வைக்கப்படட்டும். நோயாளியின் முன்கதையை அறிந்தவள் தாயே.

இவை அரசாங்கத்துக்கு. இனி எம்மவர்க்கு ஒரு சொல். மருத்துவர்களே, சிறையிலே பணிபுரியும் உங்கள் தோழர்கள் மருத்துவ நெறிக்கும் காவலரின் கட்டளைக்கும் இடையிலே தனித்து நிற்கின்றனர். உங்கள் சங்கங்கள் அவர்களுக்குத் துணை நிற்கட்டும். சட்டத்தரணிகளே, பிணை மனுவோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. உங்கள் கட்சிக்காரனின் மருத்துவ ஏட்டையும் நீதவான் முன் கேளுங்கள். சிறைகளைப் பார்வையிடும் சபைகளுக்குச் சட்டத்திலே இடமுண்டு. அவ்விடங்களை நிரப்ப முன்வாருங்கள். கமக்காரர்களே, உங்கள் ஊரிலே வாக்குக் கேட்டு வருவோரிடம் உரத்தின் விலையைக் கேளுங்கள், குளத்தின் கட்டைப் பற்றிக் கேளுங்கள், அத்தோடு இதனையும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளை உள்ளே நோயுற்றால் எத்தனை நாளிலே மருத்துவரைக் காண்பான்?"

முன்னாள் சனாதிபதிக்கு ஒரு நாள் போதுமாயிற்று. அந்த ஒரு நாளே எங்களுக்கு அளவுகோல். அதற்கு மேலாக ஒரு கைதி காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் காரணம் கூறட்டும். திறப்பை இடுப்பிலே செருகியவர்கள் நோயையும் பொறுப்பேற்றவர்கள். அப்பொறுப்பின் கணக்கை அவர்கள் காட்டும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.